நாற்றுகளை அழித்த ஓடில்லா நத்தைகள்: ஒரு காய்கறித் தோட்டத்தின் நிகழ்வு ஆய்வு

பின்புலம்

வீட்டை ஒட்டிய 12 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலமுள்ள நிலத்தில் ஒரு குடும்பம் காய்கறி பயிரிட்டு வந்தது. அதில் ஐந்து மேட்டுப்பாத்திகள், ஒவ்வொன்றும் 4 மீட்டருக்கு 1 மீட்டர். மண் சரியாமல் இருக்க நான்கு பக்கமும் மரப்பலகை அடித்திருந்தார்கள். களிமண் கலந்த பூமி. ஆண்டுதோறும் மட்கு உரம் இட்டு வந்ததால் நல்ல வளம். முந்தைய கோடையில் மண் சீக்கிரம் காய்ந்துபோன அனுபவத்தால், இந்த முறை வைக்கோல் மூடாக்கைப் பத்து சென்டிமீட்டர் கனத்துக்கு, நாற்றின் தண்டைத் தொடும்படி பரப்பியிருந்தார்கள். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். அதனால் வீடு திரும்பிய பிறகு, இருட்டும் நேரத்தில், ரப்பர் குழாயால் இலையெல்லாம் நனையத் தண்ணீர் விடுவது வழக்கம்.

நிலத்தின் ஒரு மூலையில் மட்குக் குவியல். அதை ஒட்டிப் பழைய செங்கல் அடுக்கும் கவிழ்த்து வைத்த மண்தொட்டிகளும் இருந்தன. வேலியோரம் முழங்கால் உயரத்துக்குப் புல். வீட்டில் ஒரு நாயும் சிறு குழந்தையும் உண்டு. பின்னால் எடுத்த முடிவுகளில் இந்த இரண்டுக்கும் பெரிய பங்கு இருந்தது.

மழைக்காலம் தொடங்கியதும் முட்டைக்கோஸ் நாற்று நாற்பது நட்டார்கள். லெட்யூஸ், பீன்ஸ் இரண்டையும் நேரடியாக விதைத்தார்கள். தக்காளி, மிளகாய், வெங்காயம் ஏற்கெனவே வளர்ந்து நின்றன. இரண்டு வாரத்துக்குள் பீன்ஸ் முளைகள் விதையிலை விரியும் முன்பே துண்டிக்கப்பட்டன. முட்டைக்கோஸில் ஒன்பது நாற்றுதான் மிஞ்சியது. லெட்யூஸ் முளைத்ததா இல்லையா என்பதே தெரியவில்லை. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அநேகமாக ஒன்றும் ஆகவில்லை.

ஆலோசகர் வருவதற்கு முன் நடந்தவை

இலையில் ஓட்டையைப் பார்த்ததும் புழு என்று முடிவுகட்டி, வேப்பெண்ணெய்க் கரைசலை இரண்டு முறை தெளித்தார்கள். பலன் இல்லை. பிறகு ஒரு நாள் காலையில் மூடாக்கின் மேல் வெள்ளிக்கோடு போல மின்னும் சளித்தடத்தைக் கண்டு, ஓடில்லா நத்தை என்று புரிந்துகொண்டார்கள். (இனி இந்த ஆய்வில் நத்தை என்று வருவதெல்லாம் இதையே குறிக்கும்.)

அதன்பின் கேள்விப்பட்ட எல்லாவற்றையும் அடுத்தடுத்துச் செய்து பார்த்தார்கள்: முட்டை ஓட்டுத் தூள், காப்பித்தூள் சக்கை, அடுப்புச் சாம்பல், கடைசியில் பாத்தியோரத்தில் உப்பு. உப்புப் போட்ட ஓரத்தில் இரண்டு மிளகாய்ச் செடிகளின் இலை நுனி கருகியது. எதுவும் பலிக்காததால் மெட்டால்டிஹைடு கலந்த நீலக் குருணையை வாங்கி, ஒவ்வொரு நாற்றின் அடியிலும் ஒரு பிடி குவித்து வைத்தார்கள். மறுநாள் காலையில் சில நத்தைகள் சளியைக் கக்கிச் சுருண்டு கிடந்தன. அன்று மாலையும் வழக்கம்போலத் தண்ணீர் விட்டார்கள். அடுத்த நாள் சுருண்டு கிடந்தவற்றில் பல காணாமல் போயிருந்தன. இந்த நிலையில்தான் காய்கறிப் பயிரில் அனுபவமுள்ள ஒருவரை ஆலோசனைக்கு அழைத்தார்கள்.

குருணை ஏன் பலிக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். மெட்டால்டிஹைடு நத்தையை அளவுக்கு மீறிச் சளி சுரக்க வைத்து உடல் நீரை இழக்கச் செய்கிறது. அடுத்த சில மணி நேரத்தில் ஈரம் கிடைத்துவிட்டால், குறைந்த அளவு தின்ற நத்தை இழந்த நீரை மீட்டுக்கொண்டு பிழைத்துவிடும். மாலைப் பாசனம் அந்த ஈரத்தைக் கொடுத்துவிட்டது. குவியலாக வைத்தது இன்னொரு கேடு. தானிய மாவில் செய்த குருணை என்பதால் நாய்க்கு அது தீனியாகத் தெரியும். தின்றால் நடுக்கமும் வலிப்பும் கண்டு உயிருக்கே ஆபத்தாகும். பறவைகளுக்கும் பாலூட்டிகளுக்கும் உள்ள இந்த ஆபத்தைக் காரணம் காட்டியே பிரிட்டன் 2022 வசந்தத்திலிருந்து திறந்தவெளியில் இதன் பயன்பாட்டைத் தடை செய்தது. ஆலோசகர் முதல் நாளில் செய்த முதல் வேலை, மிச்சமிருந்த குருணையை மண்ணோடு சுரண்டி எடுத்து அப்புறப்படுத்தியதுதான்.

இரவிலும் காலையிலும் கண்டவை

சூரியன் மறைந்து இரண்டு மணி நேரம் கழித்து, காற்றில்லாத ஈரமான இரவில் டார்ச்சோடு பாத்திகளைச் சுற்றி வந்தார்கள். பகலில் ஒன்றுகூடக் கண்ணில் படாத இடத்தில் வைக்கோலின் மேல் சாம்பல் நிறத்தில், இரண்டு முதல் நான்கு சென்டிமீட்டர் நீளத்தில் நத்தைகள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஒரு முட்டைக்கோஸ் நாற்றில் மட்டும் மூன்று. குச்சியால் தொட்டதும் ஒன்று தலையை இழுத்துக்கொண்டு பால் போன்ற வெண்சளியைச் சுரந்தது. அதன் முதுகுப் போர்வையின் வலப்பக்கத்தில் மூச்சுத்துளை திறந்து மூடுவது டார்ச் வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிந்தது. பெரும்பாலானவை பலகைக்கும் மண்ணுக்கும் நடுவே இருந்த விரல் அகல இடுக்கிலிருந்து ஏறி வந்தன.

சேதத்தின் தன்மையும் பொருந்தியது. நத்தை நாக்கில் உள்ள நுண்பற்களால் இலையைச் சுரண்டித் தின்னும். அதனால் ஓட்டை ஒழுங்கற்று இருக்கும். இலையின் ஓரத்தில் மட்டுமின்றி நடுவிலும் விழும். குட்டி நத்தைகள் ஒரு பக்கத் தோலை மட்டும் சுரண்டிவிட்டுக் கண்ணாடி போன்ற மெல்லிய படலத்தை விட்டுவைக்கும். புழு தின்ற இடமென்றால் கீழ் இலையில் கரும்பச்சை எச்ச உருண்டைகள் கிடக்கும்; இங்கே அவை இல்லை. மழை பெய்தால் சளித்தடம் அழிந்துவிடும் என்பதால், தடம் இல்லாததை மட்டும் வைத்து நத்தை இல்லை என்று சொல்லக் கூடாது.

எத்தனை இருக்கின்றன, எங்கே இருக்கின்றன என்று தெரியாமல் எதையும் தொடங்க வேண்டாம் என்பது ஆலோசகரின் நிலை. பாத்திக்கு ஒன்றாக 30 சென்டிமீட்டர் சதுரப் பலகை ஐந்து வெட்டி, அடிப்பக்கத்தை நனைத்து, இரண்டு கூழாங்கல்லை முட்டுக்கொடுத்து, மண்ணுக்கும் பலகைக்கும் ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி வரும்படி மாலையில் வைத்தார்கள். மறுநாள் வெயில் ஏறும் முன் புரட்டினால் அடியில் ஒட்டிக்கொண்டிருப்பதை எண்ணிவிடலாம். முதல் காலையில் ஐந்து பலகையிலும் சேர்த்து 47. மட்குக் குவியலுக்குப் பக்கத்துப் பாத்தியில் மட்டும் 19. வெங்காயப் பாத்தியில் 2. தோட்டத்தில் இருக்கும் மொத்த நத்தையில் இது ஒரு சிறு பங்குதான். ஆனால் ஒரே இடத்தில் ஒரே முறையில் எடுத்தால் நாளுக்கு நாள் ஒப்பிட இந்த எண்ணிக்கை போதும்.

எடுத்த முடிவுகள்

நத்தையின் உடல் பெரும்பாலும் நீர். தோல் வழியே அதை ஓயாமல் இழக்கிறது. பகலில் ஒளிந்துகொள்ள ஈரமான இடுக்கு, இரவில் ஊர்ந்துபோக நனைந்த தரை, இரண்டும் இருந்தால்தான் அதனால் பயிரை எட்ட முடியும். இந்தத் தோட்டம் இரண்டையும் தாராளமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதனால் கொல்வதைப் பிறகு பார்க்கலாம், முதலில் இருப்பிடத்தையும் இரவு ஈரத்தையும் குறைக்க வேண்டும் என்று வரிசை வகுத்தார்கள்.

முதல் மாற்றம் பாசனம். மாலைத் தண்ணீர் நின்றது. காலையில், இலையில் படாமல் வேருக்கு மட்டும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆழமாக ஊறும்படி விட்டார்கள். இருட்டும்போது மேல்மண் ஓரளவு காய்ந்திருக்க வேண்டும் என்பதே நோக்கம். காலையில் நேரமில்லை என்ற தயக்கம் நியாயமானதுதான். சொட்டுநீர்க் குழாயில் விலை குறைந்த டைமர் ஒன்றைப் பொருத்தியதும் அது தீர்ந்தது.

மூடாக்கு விஷயத்தில்தான் நிறைய விவாதம் நடந்தது. அதை எடுத்தால் மண் காய்ந்துவிடும் என்ற கவலை வீட்டுக்காரர்களுக்கு. முழுவதும் எடுக்காமல் நடுவழி ஒன்று தேர்ந்தார்கள்: நாற்றுப் பாத்திகளில் வைக்கோலை முற்றிலும் நீக்குவது, செடி 15 சென்டிமீட்டர் உயரம் வந்த பிறகு, தண்டைச் சுற்றி ஒரு சாண் வெற்று மண் விட்டு, மூன்று சென்டிமீட்டருக்கு மேற்படாமல் திரும்பப் பரப்புவது. வளர்ந்த தக்காளிக்கும் மிளகாய்க்கும் மூடாக்கு அப்படியே இருந்தது. மூடாக்கு மண்ணுக்கு நல்லது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இளநாற்றின் கழுத்துவரை ஏறிய ஈர வைக்கோல் நத்தைக்குப் படுக்கையும் பந்தியும் ஒரே இடத்தில் அமைத்துக் கொடுக்கிறது.

செங்கல்லும் தொட்டிகளும் நிலத்தைவிட்டு வெளியே போயின. வேலியோரப் புல்லை ஒரு மீட்டர் அகலத்துக்கு ஒட்ட வெட்டினார்கள். பலகையோர இடுக்குகளில் மண்ணை இடித்து நிரப்பினார்கள். மட்குக் குவியலை மட்டும் நகர்த்தவில்லை. அழுகும் பொருளைத் தின்னும் நத்தைகளும் முட்டைகளும் அதில் இருக்கும். கிளறி இடம் மாற்றினால் தோட்டம் முழுக்கப் பரவிவிடும். அதற்கும் பாத்திக்கும் நடுவே வெற்று மண் பட்டை விட்டு, அங்கே கூடுதலாக இரண்டு பலகை வைத்தார்கள்.

நச்சு இரைக்கு இரும்பு பாஸ்பேட் குருணையைத் தேர்ந்தார்கள். நாயும் குழந்தையும் இருக்கும் வீட்டில் இது மெட்டால்டிஹைடைவிடப் பல மடங்கு பாதுகாப்பானது. அதற்காக அள்ளிக் கொட்டலாம் என்று அர்த்தமில்லை. மூட்டையை நாய்க்கு எட்டாத உயரத்தில்தான் வைக்க வேண்டும். சீட்டில் சதுர மீட்டருக்கு 5 கிராம் என்று இருந்தது. ஐந்து பாத்திக்கும் சேர்த்து 20 சதுர மீட்டர், ஆக ஒரு முறைக்கு 100 கிராம். கையளவு பார்த்துப் போட்டால் எல்லோரும் இதைப்போல மூன்று நான்கு மடங்கு போட்டுவிடுவார்கள். அதனால் பாத்திக்கு 20 கிராம் எடைபோட்டு, விதை தூவுவது போலப் பரவலாகத் தூவினார்கள். ஊர்ந்து வரும் நத்தை குருணையைத் தற்செயலாகச் சந்திக்க வேண்டும். ஒரே இடத்தில் குவித்தால் அந்த வாய்ப்பு குறைகிறது, பூஞ்சையும் பிடிக்கிறது.

இந்த இரையில் ஒரு குழப்பம் வரும். தின்ற நத்தை உடனே சாகாது. உணவெடுப்பதை நிறுத்தி, மண்ணுக்குள் போய் ஒளிந்து, மூன்று முதல் ஆறு நாளுக்குள் சாகும். பிணம் கண்ணில் படாததால் மருந்து வேலை செய்யவில்லை என்று மறுபடி மறுபடி போடுகிறவர்கள் பலர். பார்க்க வேண்டியது இலையில் புதிய கடி விழுகிறதா என்பதைத்தான்.

மறுநடவுக்கு முட்டைக்கோஸ், லெட்யூஸ், பீன்ஸ் மூன்றையும் குழித்தட்டில், கால் உயர்ந்த மேசையில் வளர்த்தார்கள். முட்டைக்கோஸ் ஐந்து இலையும், பீன்ஸ் முதல் ஜோடி நிஜ இலையும் விட்ட பிறகே பாத்திக்கு வந்தன. ஒரே இரவில் ஒரு நத்தை முளையை முடித்துவிடும். தண்டு தடித்த ஐந்து இலை நாற்று நான்கு கடியைத் தாங்கும்.

வேண்டாம் என்று ஒதுக்கியவையும் உண்டு. உப்பு மண்ணைக் கெடுக்கும். முட்டை ஓடு, செப்பு நாடா, கூர்மணல், மரப்பட்டைத் துண்டு, கம்பளி உருண்டை ஆகியவற்றை பிரிட்டனின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் லெட்யூஸில் சோதித்து, தடுப்பு எதுவும் வைக்காத செடியைவிடச் சேதம் குறையவில்லை என்று 2018-இல் அறிவித்தது. பீர் நிரப்பிய கிண்ணப் பொறி நொதி வாசனையால் நத்தையை ஈர்க்கும். ஆனால் எட்டுகிற தூரம் குறைவு. குடித்துவிட்டுத் திரும்புவதும் நிறைய. விரும்பினால் வைக்கலாம். கிண்ண விளிம்பு மண்ணுக்கு மேல் இரண்டு சென்டிமீட்டர் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் நத்தையைத் தின்னும் தரை வண்டுகளும் விழுந்து சாகும்.

நடந்தது, வாரம் வாரமாக

முதல் வாரம் துப்புரவும் பாசன மாற்றமும். தினமும் காலையில் பலகையைப் புரட்டி, கையுறை போட்டு, பழைய கரண்டியால் வழித்துச் சோப்புத் தண்ணீர் வாளியில் போட்டார்கள். பலகைக்கடியில் ஓடிய கருப்புத் தரை வண்டுகளை விட்டுவிட்டார்கள். வார முடிவில் எண்ணிக்கை முப்பதுக்குக் கீழே இறங்கியது.

இரண்டாம் வாரத் தொடக்கத்தில், மண் ஈரமாகவும் வானம் தெளிவாகவும் இருந்த மாலையில் முதல் இரை. நடவுக்கு நான்கு நாள் முன்பாக என்று திட்டமிட்டதற்குக் காரணம் உண்டு: பாத்தியில் வேறு உணவு இல்லாதபோது நத்தை குருணையை நாடுவது அதிகம். பிறகு நாற்பது முட்டைக்கோஸ் நாற்றும் பீன்ஸும் லெட்யூஸும் நட்டார்கள். மூன்றாம் வாரம் பலகைகளில் மொத்தம் பத்தைத் தாண்டவில்லை. புதுக்கடி அபூர்வமாக இருந்தது.

இங்கே ஒரு தளர்வு வந்தது. பலகையில் ஒன்றும் இல்லை என்று பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். ஐந்தாம் வாரத்தில் நான்கு நாள் விடாமல் மழை. அது விட்டதும் லெட்யூஸின் உள் இலைகளில் கண்ணாடிப் படலத்தோடு சுரண்டல் தெரிந்தது. பெரிய நத்தை எதுவும் கிடைக்கவில்லை. உள் இலைகளைப் பிரித்தபோது அரை சென்டிமீட்டருக்கும் குறைவான குட்டிகள் அடுக்காக இருந்தன. ஒரு பலகையோரத்தில் மண்ணை விரலால் தோண்டியதில், கண்ணாடி மணி போன்ற முட்டைகள் இருபதுக்கு மேல் ஒரே கொத்தாகக் கிடைத்தன.

காரணம் தெளிவு. இரை முட்டையைக் கொல்லாது. வெதுவெதுப்பான ஈர மண்ணில் முட்டை இரண்டு முதல் நான்கு வாரத்தில் பொரிக்கும். குளிர்ந்த மண்ணில் மாதக்கணக்கில் காத்திருக்கும். நத்தை ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாக இருப்பதால் எல்லாமே முட்டையிடும்; ஒன்றே வாழ்நாளில் நூற்றுக்கணக்கில் இடுகிறது. முதல் சுற்றில் செத்தவை முன்பே இட்டுவிட்டுப் போனவை இப்போது பொரித்தன. குட்டிகள் பலகைக்கு வராமல் மண்வெடிப்பிலும் இலையிடுக்கிலும் தங்குவதால், பலகை எண்ணிக்கை இந்தக் கட்டத்தில் நிலைமையைக் குறைத்துக் காட்டியது.

மழை விட்ட இரண்டாம் நாள் காலையில் செடிகளுக்கு நடுவே மேல்மண்ணை மூன்று நான்கு சென்டிமீட்டர் ஆழம் கொத்தி, கட்டிகளை உடைத்துவிட்டார்கள். வெயில் பட்ட முட்டை உலர்ந்துபோகும். எறும்பும் பறவையும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். அன்று மாலை இரண்டாவது முறை 100 கிராம் இரை. அடி இலைகள் மண்ணில் கிடந்த லெட்யூஸில் அவற்றைக் கிள்ளி அகற்றினார்கள்.

இரண்டு பாதுகாப்பு விஷயங்களை இந்தக் கட்டத்தில்தான் ஆலோசகர் வீட்டுக்காரர்களுக்கு அழுத்திச் சொன்னார். எலியின் நுரையீரலில் வாழும் ஒரு வகைப் புழுவின் இளம்பருவம் நத்தைக்குள் வளர்கிறது. அது தவறி மனிதர் வயிற்றுக்குள் போனால் மூளை உறையில் அழற்சி உண்டாக்கலாம். ஆகவே வெறுங்கையால் நத்தையைத் தொடக் கூடாது, குழந்தையை அந்த வாளிப் பக்கம் விடக் கூடாது. பச்சையாகத் தின்னும் லெட்யூஸை இலை இலையாகப் பிரித்து, ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். மொத்தமாக முக்கி எடுத்தால் மடிப்புக்குள் இருக்கும் குட்டி அப்படியே இருக்கும்.

விளைவு

எட்டாம் வாரத்தில் ஐந்து பலகையிலும் சேர்த்து ஒரு காலைக்கு மூன்று முதல் ஐந்து. மறுநடவு செய்த நாற்பது முட்டைக்கோஸில் 36 நிலைத்துத் தலை கட்டின. பீன்ஸில் சேதம் இல்லை என்றே சொல்லலாம். லெட்யூஸில் வெளி இலைகளில் கடைசிவரை கடி இருந்தது. உள் தலை உண்ணத் தகுந்ததாக வந்தது. மட்குக் குவியலுக்குப் பக்கத்துப் பாத்தி முழுதாகத் தேறவில்லை. மற்ற நான்கும் சேர்ந்து தந்த அளவு நத்தையை அது ஒன்றே தந்தது.

பாசனம், மூடாக்கு, துப்புரவு, இரை, பெரிய நாற்று என எல்லாவற்றையும் ஒரே காலத்தில் மாற்றியதால், எது எவ்வளவு பங்களித்தது என்று இந்த நிகழ்விலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்: இரை போடுவதற்கு முன்பே, முதல் வாரத் துப்புரவிலும் பாசன மாற்றத்திலும் கைப்பொறுக்கலிலும் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதிக்கு இறங்கத் தொடங்கியிருந்தது.

அடுத்த பருவத்தில் மாற்றவிருப்பவை

பலகை வைப்பதும் எண்ணுவதும் நடவுக்கு மூன்று வாரம் முன்பே தொடங்கும். வாரம் இரண்டு காலை போதும். ஆனால் எண்ணிக்கை பூஜ்யமானாலும் நிறுத்தக் கூடாது. முதல் இரைக்கு மூன்று வாரம் கழித்து, சேதம் தெரிகிறதோ இல்லையோ, குட்டிகளைத் தேடி லெட்யூஸ் ஒன்றைப் பிரித்துப் பார்ப்பது என்று நாட்காட்டியில் குறித்திருக்கிறார்கள். இந்த முறை அப்படிச் செய்திருந்தால் ஐந்தாம் வாரச் சேதத்தில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம்.

பயிர் இடமும் மாறுகிறது. நத்தை அதிகம் சீண்டாத வெங்காயம் மட்குக் குவியலுக்குப் பக்கத்துப் பாத்திக்குப் போகிறது. லெட்யூஸ் எதிர்க்கோடிக்கு வருகிறது. மரப்பலகை உளுத்துப்போனதும் அதைத் திரும்ப அடிக்காமல், பாத்தியோரத்தைச் சரிவாக மண்ணாலேயே அணைப்பது என்பது திட்டம்.

நத்தைக்குள் புகுந்து கொல்லும் நுண்ணிய நூற்புழுக்களைத் தண்ணீரில் கலந்து மண்ணில் ஊற்றும் முறையையும் பரிசீலித்தார்கள். அனுமதி பெற்று விற்கும் இடங்களில் இது நல்ல வழி, குறிப்பாக மண்ணுக்கடியில் இருக்கும் சிறிய நத்தைகளுக்கு. அவை உயிருள்ளவை, குளிர்ச்சியில் வைத்துக் காலாவதிக்குள் பயன்படுத்த வேண்டும், மண் வெப்பம் 5 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும், ஊற்றிய பிறகு இரண்டு வாரம் மண் காயக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனை மேல்மண்ணைக் காயவிடும் பாசன முறையோடு மோதுகிறது. ஆகையால் தோட்டம் முழுவதற்கும் ஊற்றாமல், மட்குக் குவியலைச் சுற்றிய பட்டையில் மட்டும் சோதித்துப் பார்க்க முடிவாகியிருக்கிறது.